டிராமை விட்டு இறங்கிய அதிகாரி!

ஓசூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சாலையின் இரு புறமும் தொழிற்சாலைகள். கைக்கடிகாரம் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால், எங்கும் கல். பாறையை வெட்டி, அறுத்து, கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற்றுகிறார்கள்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எந்திரத்தின் சத்தத்திலேயே வளருகிறார்கள். ஆனால் எந்திரம் எப்படி ஓடுகிறது, கல் ஏன் மின்னுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று தேடுவார்கள்!

பள்ளிக்கூடத்தில் ஒரு விஞ்ஞானக் குழு தொடங்கலாமே என்று நினைக்கிற ஆசிரியர்கள் உண்டு. நினைத்த மறு நிமிஷமே கவலையும் வந்துவிடுகிறது. இடம் எங்கே? கருவி எங்கே? பணம் எங்கே?

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோ மீட்டர்தான். அங்கே ஒரு தமிழர் வாழ்ந்தார். உலகத்திலேயே பெரிய பரிசைப் பெற்றவர். பெரிய மனிதர்கள் வந்தால் முகம் கொடுக்கமாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் சந்தோஷம் தாங்காது! கல்லையும் பூவையும் காட்டி நேரம் போவது தெரியாமல் பேசுவார்.

அவர் யார் தெரியுமா? அவர்தான் சர் சி. வி. ராமன்.

அவரை விஞ்ஞானி ஆக்கியதே ஒரு விஞ்ஞானச் சங்கம்தான். அதுவும் பூட்டிக் கிடந்தது போல் இருந்த சங்கம்!

11 வயதில் மெட்ரிகுலேஷன்

1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் ராமன் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று.

வீட்டில் செல்வம் இல்லை. ஆனால் புத்தகம் இருந்தது. சங்கீதமும் இருந்தது. பையன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது, இந்தச் சிறு பையனா பி.ஏ. வகுப்பு என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். பௌதிகத்துக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

எம்.ஏ. படிக்கும்போது, ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் அவர் போக்கில் விட்டுவிட்டார். வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ராமன் ஆய்வுக்கூடத்தில் தம் இஷ்டப்படி வெளிச்சத்தை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். அதை ஒரு கட்டுரையாக எழுதி லண்டன் பத்திரிகைக்கு அனுப்பினார். 1906-ல் அது அச்சாகி வந்தது. அப்போது அவருக்கு வயது 18!

சீமைக்குப் போய்ப் படித்திருக்கலாம். உடம்பைப் பரிசோதித்த டாக்டர், அந்தக் குளிர் இந்த மெலிந்த உடம்புக்கு ஆகாது என்று தடுத்துவிட்டார். இங்கே விஞ்ஞானத்தை வைத்துப் பிழைக்கவும் வழி இல்லை. ஆகவே அந்தக் காலத்துக் கெட்டிக்காரப் பையன்கள் செய்ததையே அவரும் செய்தார். இந்திய நிதி இலாகாப் பரீட்சை எழுதினார். அதிலும் முதலிடம்!

1907-ல் லோகசுந்தரி அம்மாளை மணந்துகொண்டு, கல்கத்தாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார். கணக்கு இலாகாவில் பெரிய அதிகாரி. கை நிறையச் சம்பளம். இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை கணக்குப் பார்த்து, பென்ஷன் வாங்கி, மறைந்துபோன ஆயிரம் அதிகாரிகளில் அவரும் ஒருவராக இருந்திருப்பார்.

ஒரு பெயர்ப் பலகை

ஒரு நாள் டிராம் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பௌபஜார் தெருவில் ஒரு கட்டிடம். அதன் வாசலில் ஒரு பலகை. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ராமன் டிராமை விட்டு இறங்கினார். கதவைத் தட்டினார்.

அசுதோஷ் தே என்பவர் கதவைத் திறந்தார். ஆசு பாபு என்று எல்லோரும் அழைப்பார்கள். உள்ளே பெரிய பிரசங்க மண்டபம். ஆய்வுக்கூடம். கருவிகள். ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை!

அந்தச் சங்கத்தின் கதை உருக்கமானது.

மகேந்திரலால் சர்க்கார் என்று ஒரு டாக்டர். கல்கத்தாவில் பேர் பெற்ற வைத்தியர். நம் நாட்டு ஜனங்கள் விஞ்ஞானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. வெள்ளைக்காரன் செய்வான், நாம் பார்த்துக்கொண்டிருப்போம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர் ஊராக நன்கொடை கேட்டார். வருஷக் கணக்கில் அலைந்தார். 1876-ல் சங்கம் பிறந்தது.

மாலை நேரங்களில் பிரசங்கம் நடந்தது. பரிசோதனைகள் செய்து காட்டினார்கள். கூட்டம் வந்தது. பார்த்தது. கை தட்டியது. வீட்டுக்குப் போய்விட்டது! நான் இங்கேயே இருந்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. வாழ்நாள் உழைப்பு வீணாகிவிட்டதோ என்ற மனக்குறையோடு 1904-ல் சர்க்கார் கண்ணை மூடினார்.

அவர் மறைந்து மூன்று வருஷம் கழித்து, ராமன் வந்து கதவைத் தட்டினார். குழு நடத்தி ஓய்ந்துபோன ஆசிரியர்கள் இந்த மூன்று வருஷத்தை மறக்கக் கூடாது.

சங்கத்தின் செயலாளர் அமிர்தலால் சர்க்கார் இளைஞரைச் சந்தோஷத்தோடு வரவேற்றார். கட்டணம் கேட்கவில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டார்.

காலையும் மாலையும்

அதன் பிறகு ராமனுக்கு இரண்டு வாழ்க்கை. பகலில் கணக்கு அதிகாரி. விடியற்காலையில் ஆய்வுக்கூடம். அவசர அவசரமாகக் குளித்து, சாப்பிட்டு, ஆபீசுக்கு ஓட்டம். ஆபீஸ் விட்டதும் மறுபடி ஆய்வுக்கூடம். வீடு திரும்ப இரவு ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. லோகசுந்தரி அம்மாள் பொறுத்துக்கொண்டதைத்தான் பாராட்ட வேண்டும்.

நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பினார். ஆசு பாபு காத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆசு பாபுவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்ல. ராமனோடு கூட இருந்து, கருவிகளைக் கையாண்டு, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பின்னால் அவர் பெயரில் ஒரு கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையிலேயே வெளிவந்தது! பட்டம் இல்லாதவருக்கும் அந்தக் கட்டிடத்தில் இடம் இருந்தது.

ராமன் முதலில் எடுத்துக்கொண்டது என்ன? நம் வீட்டு வாத்தியங்களைத்தான். வீணை ஏன் இப்படி இனிக்கிறது? மிருதங்கத்துக்கு மட்டும் ஏன் சுருதி சேருகிறது?

சாதாரண மேளத்தின் தோலைத் தட்டினால் சத்தம் வரும். அதில் ஸ்வரம் தெளிவாக நிற்காது. தோலிலிருந்து கிளம்பும் பல நாதங்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் போகும். மிருதங்கத்தின் வலப்பக்கத்தில், நடுவில் கறுப்பாக வட்டமாகப் பூசியிருப்பார்கள் அல்லவா? அந்தப் பாரம்தான் நாதங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. அவை வீணைக் கம்பியின் நாதங்களைப் போல ஒன்றோடு ஒன்று இசைந்து போகின்றன. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், மணல் ஓடிப்போய்க் கோலம் போட்டது போல நிற்கும். தோல் எங்கே ஆடுகிறது, எங்கே ஆடவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ராமன் அந்தக் கோலங்களைப் படம் பிடித்து வெளியிட்டார்.

மிருதங்கமும் ஒரு பிடி மணலும் எந்த ஊரில் கிடைக்காது?

பாதிச் சம்பளம்

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படுத்தினார்கள். அசுதோஷ் முகர்ஜி என்ற பேரறிஞர் அந்தப் பதவிக்கு ராமனை அழைத்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதி. அதற்காகச் சீமைக்குப் போகமாட்டேன் என்று ராமன் சொல்லிவிட்டார். விதியைத் தளர்த்தினார்கள்!

ஆனால் சம்பளம்? அரசாங்க உத்தியோகத்தில் மாதம் 1,100 ரூபாய். பேராசிரியருக்கு 600 ரூபாய். ஏறக்குறையப் பாதி. 1917-ல் ராமன் பெரிய உத்தியோகத்தை உதறினார். 1,100 ரூபாய் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய தொகை என்பதை வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1919-ல் விஞ்ஞானச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. பல மாகாணங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். தமிழ்நாட்டு வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் அவர்களில் ஒருவர். சர்க்கார் கனவு கண்ட கூட்டம் கடைசியில் வந்துவிட்டது!

கடல் ஏன் நீலம்?

1921-ல் ராமன் முதல் தடவையாக ஐரோப்பாவுக்குப் போனார். திரும்பும்போது கப்பல் மத்தியதரைக் கடலில் வந்தது. எங்கும் கருநீலம். மற்றவர்கள் அழகைப் பார்த்தார்கள். ராமன் சந்தேகப்பட்டார்.

வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது, அதனால்தான் கடல் நீலம் என்று அப்போது பெரிய விஞ்ஞானிகளே சொல்லிவந்தார்கள். ராமனிடம் ஒரு சிறு கண்ணாடிப் பட்டகம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால், தண்ணீரின் மேல்பரப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சத்தை விலக்கிவிடலாம். விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. இன்னும் அழகாகத் தெரிந்தது! கடலுக்குள்ளிருந்தே நீலம் வருகிறது என்று கண்டுகொண்டார். தண்ணீரின் மிகச் சிறு அணுத்திரள்கள் வெளிச்சத்தைச் சிதற அடிக்கின்றன.

அந்தக் கேள்வியை அவர் ஏழு வருஷம் விடவில்லை.

சூரிய வெளிச்சத்தை ஊதாக் கண்ணாடி வழியே விட்டு, ஊதா நிறத்தை மட்டும் சுத்தமான திரவத்துக்குள் செலுத்தினார். எதிரே, ஊதாவைத் தடுக்கும் பச்சைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது! உள்ளே போன வெளிச்சத்தில் ஒரு துளி, நிறம் மாறி வெளியே வந்திருக்கிறது. எந்தப் பொருளுக்குள் போனதோ, அந்தப் பொருளின் அடையாளத்தோடு வந்திருக்கிறது. 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி அது உறுதியாயிற்று. கிருஷ்ணனும் கூட இருந்து உழைத்தார். கருவிகளின் விலை சில நூறு ரூபாய்தான்.

ராமன் விளைவு என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. 1930-ல் நோபல் பரிசு. விஞ்ஞானத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர்தான். பிப்ரவரி 28-ஐ 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

மின்சாரம் இல்லாத ஆராய்ச்சி நிலையம்

1933-ல் ராமன் பெங்களூருக்கு வந்தார். இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு முதல் இந்திய டைரக்டர். அங்கே எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. அவருக்கு முன்கோபம் உண்டு. தான் நினைத்ததே சரி என்ற பிடிவாதமும் உண்டு. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டார். பேராசிரியராக மட்டும் இருந்தார். அதற்குள் கல்கத்தா சங்கமும் அவர் கையை விட்டுப் போயிருந்தது. 1934-ல் அங்கே ஏற்பட்ட தகராறில் செயலாளர் பொறுப்பை இழந்தார். தன்னை ஆளாக்கிய கட்டிடத்துக்குள் அவருக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று.

மைசூர் மகாராஜா பெங்களூரில் 11 ஏக்கர் நிலம் கொடுத்திருந்தார். 1948-ல் ஓய்வு பெற்றதும், ராமன் அங்கே சொந்தமாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். மகேந்திரலால் சர்க்கார் செய்ததைத்தான் இவரும் செய்தார்! அரசாங்கத்தின் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பணம் வாங்கினால் கணக்கு எழுத வேண்டும். கணக்கு எழுதி அலுத்தவர் அவர்.

கட்டிடத்துக்கு முதலில் மின்சாரம் வரவில்லை. அதற்காக நிற்கவில்லை. கண்ணாடியும் லென்சும் வைத்து, சூரிய வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிக்கொண்டு வேலை செய்தார்.

1954-ல் முதன் முதலாக பாரத ரத்னா பட்டம் கொடுத்தபோது, மூவருக்குக் கொடுத்தார்கள். ராஜாஜி, டாக்டர் ராதாகிருஷ்ணன், ராமன். ராஜாஜி ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்காரர். ரசாயனத்தைத் திண்ணைப் பேச்சு போலத் தமிழில் எழுதிக் காட்டியவர். தாய்மொழியில்தான் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்பது ராமனின் கட்சியும்கூட.

கல்லும் பூச்சியும்

அந்த நிலையத்துக்குள் ராமன் ஒரு காட்சிசாலை வைத்தார். உள்ளே என்ன இருந்தது? கல். வைரம். சிப்பி. பட்டாம்பூச்சி. வண்டு. பறவை.

சாம்பல் நிறத்தில் ஒரு கல் இருக்கும். கையில் எடுத்து இப்படித் திருப்பினால் நீலம். அப்படித் திருப்பினால் பொன் நிறம். பெல்ஸ்பார் என்ற கல்லில் ஒரு வகை அது. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. சாயம் ஒன்றும் இல்லை! மயில் இறகிலும், சிப்பியின் உட்புறத்திலும் இதே போன்ற ஜாலம்தான்.

இன்னொரு அறை இருட்டறை. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைக் கற்களின் மேல் விடுவார்கள். அழுக்குக் கல்லாகத் தெரிந்தது பச்சையாக எரியும். பக்கத்தில் ஒன்று சிவப்பாக எரியும். பிள்ளைகள் ஆவென்று வாய் பிளப்பார்கள். கிழவரும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார்!

கிருஷ்ணகிரியில் இந்த இடத்தைப் படிப்பவர்கள், சாலையோரத்தில் கிடக்கும் சல்லியில் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். வெள்ளையாக இருப்பது வெங்கச்சங்கல். மினுமினுப்பது காக்காப்பொன். மங்கலான வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார். ராமன் கையில் வைத்துக் காட்டிய கல்லுக்குப் பங்காளி. இரவில் இரண்டு வெங்கச்சங்கற்களை உரசினால், மினுக்கென்று ஒரு வெளிச்சமும் வரும்.

வயது ஏற ஏற ராமனுக்கு மனக்கசப்பு வளர்ந்தது. படித்த பிள்ளைகள் வெளிநாட்டுக்கு ஓடுகிறார்களே என்று வருந்தினார். பெரிய பெரிய கட்டிடம் கட்டி, விலை உயர்ந்த கருவிகளை வாங்கிப் பூட்டி வைக்கிறார்களே என்று கோபப்பட்டார். நிலையத்தைச் சுற்றி மரங்களை வளர்த்து மறைத்தார். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை மாட்டினார். ஒரு பலகையைப் பார்த்து டிராமை விட்டு இறங்கியவர், தன் வாசலில் இப்படி ஒரு பலகை மாட்டினார்!

ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பலகை செல்லாது. அவர்கள் வந்தால் கதவு திறக்கும்.

80 வயதில் ஒரு பிரசங்கம்

பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்த இளைஞர்களில் விக்ரம் சாராபாயும் ஒருவர். பின்னால் ராக்கெட் விட்டு இந்தியாவுக்குப் புகழ் தேடித் தந்தவர். ராக்கெட் வேலைக்கு நடுவிலும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பரிசோதனை செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும். பரீட்சை கூடாது, மார்க்கு கூடாது. அதற்காக ஆமதாபாத்தில் சமூக விஞ்ஞான மையம் என்று ஒன்றை அமைத்தார்.

அதன் தொடக்கத்தில் பிரசங்கம் செய்ய யாரை அழைத்தார்? தன் பழைய குருவைத்தான். 1968-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, 80 வயது ராமன் தலைப்பாகையோடு போய் நின்றார். வானம் ஏன் நீலம்? இதுதான் பொருள். எடுத்த எடுப்பில் விடையைச் சொல்லிவிடவில்லை. தலையை நிமிர்த்திப் பார்க்கச் சொன்னார். ஒரு கேள்வியிலிருந்து இன்னொரு கேள்விக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அந்த மையம் சாராபாய் பெயரோடு இன்றும் நடக்கிறது.

வானத்தை நம் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே இருந்து பார்த்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தெரியும். பாலின் துணுக்குகள் நீலத்தை அதிகமாகச் சிதற அடிக்கின்றன. மிச்சம் நேராக வருகிறது. காற்றும் சூரிய வெளிச்சத்தில் இதையே செய்கிறது. பகலில் வானம் நீலம், அந்தியில் சூரியன் சிவப்பு! பாலைக் கொஞ்சமாக விடுங்கள். அதிகமானால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

பூக்களுக்கு நடுவே

ஆண்டுதோறும் காந்தி ஜயந்தி அன்று ராமன் தம் நிலையத்தில் ஒரு பிரசங்கம் செய்வார். 1970-லும் செய்தார். காது எப்படிக் கேட்கிறது என்பது பொருள். அதன் பிறகு சில நாட்களில் ஆய்வுக்கூடத்தில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருக்க அவருக்கு மனமில்லை. தன் நிலையத்துக்கே, தான் வளர்த்த பூக்களுக்கு நடுவே திரும்பி வந்தார்.

1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி காலமானார். வயது 82. அவர் விரும்பியபடி, நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. சமாதி கட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.

கற்களும் பட்டாம்பூச்சிகளும் அந்த நிலையத்திலேயே பாதுகாப்பாக இருக்கின்றன.